கியர் ஒயில் பார்க்க ஒரு கம்பி வைக்கக் கூடாதா?

இஞ்சின் ஒயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு கம்பி இருக்கிறது. இழுத்து, துணியால் துடைத்து, திரும்ப விட்டு எடுத்தால் தெரிந்துவிடும். பழைய ஒட்டோ கியர் கார்களில் கியர் ஒயிலுக்கும் அப்படி ஒரு கம்பி இருந்தது. எந்தப் புண்ணியவான் அதைப் பிடுங்கினானோ தெரியாது, இன்று கொழும்பில் ஓடும் ஜப்பான் கார்கள் பலவற்றில் அது இல்லை. கேட்டால் ஒரே பதில்: "அது லைஃப்டைம் ஒயில், மாத்தத் தேவையில்ல."

யாருடைய லைஃப்டைம்? வாரண்டி முடியும் வரைக்குமா? ஜப்பானில் ஒருவர் சில வருடம் ஓட்டிவிட்டு விற்ற காரைத்தான் நாங்கள் வாங்குகிறோம். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்கள் திரும்ப வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். இப்போதும் வரியோடு விலை கேட்டால் தலை சுற்றுகிறது. அதனால் பத்துப் பன்னிரண்டு வருடக் காரைத்தான் பொத்திப் பொத்தி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அதன் கியர்பெட்டி போனால் புதிய கார் வாங்கலாம் என்ற கதையே இங்கே கிடையாது.

அதுவும் எப்படிப்பட்ட ஓட்டம்! மாலையில் பம்பலப்பிட்டியில் இருந்து வெள்ளவத்தைக்குக் காலி வீதியில் வந்து பாருங்கள். ஏசி ஓடும், பிரேக்கில் கால் இருக்கும், கார் பத்தடி நகரும், திரும்ப நிற்கும். அந்தச் சூட்டில் ஒயில் கறுக்காமல் என்ன செய்யும்? இப்படி நின்று நின்று ஓடுவதைக் கடும் பாவனை என்று கார்க் கம்பனிகளின் கைநூல்களே சொல்கின்றன. கியர்பெட்டி செய்யும் ஜெர்மன் கம்பனியான இசட்எஃப், 80,000 முதல் 1,20,000 கிலோமீற்றருக்குள் ஒயிலை மாற்றச் சொல்கிறது. அந்தப் பெட்டியை வாங்கிப் பூட்டுகிற கார்க் கம்பனிதான் ஆயுள் முழுக்கப் போதும் என்கிறது. செய்தவன் மாற்று என்கிறான், விற்றவன் வேண்டாம் என்கிறான். நான் யாரை நம்புவது?

சரி, வீட்டிலேயே மாற்றுவோம் என்று இறங்கினால் அந்தக் கம்பி இல்லாத வலி அப்போதுதான் முழுதாகத் தெரியும். டொயோட்டா அக்குவா, பிரியஸ்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள், ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரப்பினால் போதும். மற்ற டொயோட்டா ஒட்டோ கியர் கார்கள் பலவற்றில் காரை நாலு பக்கமும் ஒரே மட்டத்தில் தூக்கி, இஞ்சினை ஓடவிட்டு, ஒயில் ஏறக்குறைய 40 பாகை சூட்டுக்கு வரும்போது அடியில் இருக்கும் நட்டைக் கழற்ற வேண்டும். மிஞ்சியது வடிந்து நூலாக வரும்போது பூட்ட வேண்டும். கொழும்பு வெயிலில் நிறுத்திய காரின் ஒயில் இஞ்சினைப் போடும் முன்பே 30 பாகைக்கு மேல் நிற்கும். கண்மூடித் திறப்பதற்குள் சூடு தாண்டிவிடும், திரும்ப ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூட்டை அறிய ஸ்கேனர் வேறு வேண்டும். அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் சரிவில்லாத இடமும் இல்லை, காவலாளி விடுவதும் இல்லை. இவ்வளவும் செய்து ஒருமுறை வடித்தால் பாதி ஒயில்தான் வரும், மிச்சம் இஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டருக்குள்ளேயே நின்றுவிடும். (யாராவது செய்யப் போகிறீர்கள் என்றால், ஊற்றும் நட் கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் நட்டில் கை வையுங்கள்.)

அப்போ கராஜுக்குப் போ என்பீர்கள். அங்கேதான் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. டொயோட்டா ஒட்டோவுக்கு டபிள்யூஎஸ், அதன் சிவிடிக்கு (பற்சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஒட்டோ கியர்பெட்டி) எஃப்ஈ, ஹொண்டா சிவிடிக்கு எச்சிஎஃப்-2, நிசானுக்கு என்எஸ்-3 என்று மொடலுக்கு மொடல் ஒயில் வேறு. சிவிடியில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே இரும்பு பெல்ட் வழுக்காமல் பிடிப்பதே அந்த ஒயிலின் தன்மையால்தான். அதற்குள் சாதாரண ஒட்டோ ஒயிலை விட்டால் பெல்ட் வழுக்கி, கப்பி கீறி, பெட்டியே போய்விடும். இது தெரிந்துதான் கேட்கிறேன், என்ன ஒயில் விடுகிறீர்கள் என்று. பேர் இல்லாத பீப்பாயில் இருந்து சேர்விஸ்காரர் ஒரு கேத்தலில் பிடித்துக்கொண்டே சொல்கிறார்: "எல்லாத்துக்கும் இதத்தான் போடுறம்."

எல்லாத்துக்கும் போடுவதை என் காருக்குப் போடாதீர்கள் ஐயா! பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அலைந்து சீல் வைத்த கானை நானே வாங்கிக்கொண்டு போனால், வெளி ஒயிலுக்குப் பொறுப்பெடுக்க மாட்டோமாம். உங்கள் பீப்பாய்க்கு யார் பொறுப்பு? கானை என் கண் முன்னால் உடையுங்கள். எத்தனை லீற்றர் வடிந்தது, எத்தனை லீற்றர் விட்டீர்கள், எந்த ஒயில் என்று பில்லில் எழுதுங்கள். "கியர் ஒயில் சேர்விஸ்" என்று ஒற்றை வரி எழுதி, பக்கத்தில் ஒரு தொகையைப் போட்டு நீட்டினால் இனி நான் காசு கொடுக்கப் போவதில்லை.