ஒரு தடவை கஞ்சா இழுத்தால் அமெரிக்கப் பாதுகாப்பு அனுமதி போச்சா?

“காலேஜில் ஒரு தடவை கஞ்சா இழுத்திருந்தாலும் அமெரிக்க அரசின் பாதுகாப்பு அனுமதி (அரசு ரகசியங்களைக் கையாளும் வேலைக்குத் தேவையான அனுமதி) ஆயுசுக்கும் கிடைக்காது, படிவத்தில் ‘இல்லை’ என்று போட்டுவிடுங்கள்” என ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு, அந்த யோசனை ஆபத்தும்கூட.

இந்த அனுமதிக்காக நிரப்பும் எஸ்எஃப்-86 படிவத்தில், போதைப்பொருள் பற்றிய 23-ஆம் பகுதி பெரும்பாலும் கடந்த 7 ஆண்டுகளைத்தான் கேட்கிறது. எத்தனை தடவை, விட்டு எவ்வளவு நாளாயிற்று, இனி தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போடுவாரா என்றெல்லாம் பார்க்கச் சொல்கின்றன 2017-இல் அமலுக்கு வந்த விதிகள். பழைய கஞ்சாப் பழக்கம் மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்று 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநரே எழுதினார்.

இப்போதும் புகைப்பவர் கதை வேறு. மாநிலச் சட்டம் அனுமதிக்கும் கலிபோர்னியாக் கடையில் ரசீதோடு வாங்கினாலும் சரி, அமெரிக்க மத்தியச் சட்டம் விடாது. அப்புறம் படிவத்தில் போடச் சொன்ன அந்த ‘இல்லை’: தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டு வரை சிறை. பின்னணியை விசாரிக்கும் அதிகாரி பழைய அறைத்தோழரிடமும் பேசக்கூடும், பொய் அங்கே வெளிப்படலாம்.