மனக்கஷ்டத்துக்கு மது மருந்தல்ல

"பரீட்சை பயமா? படுக்கும் முன் இரண்டு பெக் போட்டால் மனசு லேசாகும், நல்ல தூக்கமும் வரும்" என்று கல்லூரி மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

முதலில் பதற்றம் அடங்குவதுபோல இருப்பது உண்மைதான். சிக்கலே அங்கேதான். போதை இறங்க இறங்க, அடங்கியிருந்த மூளை இன்னும் பரபரக்கும். நடுராத்திரி 3 மணிக்கு நெஞ்சு படபடக்க விழிப்பு வரும். கவலை அப்படியே நிற்கும். அப்புறம் மறுபடி கிளாஸ். கொண்டாட்டத்துக்குக் குடிப்பவர்களைவிட, கவலையை மறக்கக் குடிப்பவர்களே குடிப்பிரச்சினையில் அதிகம் சிக்குகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. அதன் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பிய நண்பருக்கு ஒரு போன் போட்டு, "என்னடா ஆச்சு?" என்று கேளுங்கள்.