யார் வீட்டுச் செலவில் கடுமை?

காலையிலிருந்து நம் ஊர் குரூப்களில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், நல்லது.

மாடியிலிருந்து எடுத்தது. கடலூர் திருப்பாப்புலியூர் கடைத்தெரு, 2021 மே 23, ஞாயிற்றுக்கிழமை காலை, கொரோனா ஊரடங்கு நேரம். தெரு முழுக்கத் தலைகள். மேலே கொட்டை எழுத்தில் ‘திருந்தாத ஜென்மங்கள்’. அது போதாதென்று ஒரு புண்ணியவான், இடது ஓரத்தில் மளிகைக் கடை வாசலில் நிற்கிற ஒரு பெண்ணைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, மாஸ்க் தாடையில் கிடப்பதை அம்புக்குறி வைத்துக் காட்டி, மறுபடியும் அனுப்பி வைத்திருக்கிறார். கீழே வந்த கமெண்டுகளை ஒன்று விடாமல் படித்தேன். அது என் தப்பு. லத்தியை எடுத்தால்தான் சரிப்படும். மிலிட்டரியை இறக்கணும். ஒரு மாசத்துக்குக் கடையையே திறக்க விடாதீங்க. இதுங்களுக்கு ஆஸ்பத்திரியில் பெட் கொடுக்காதீங்க. இந்தக் கடைசிக் கமெண்டுக்கு லைக் போட்டவர்களில் எனக்குத் தெரிந்தவர்களே ஆறு பேர்.

வட்டத்துக்குள் இருப்பது என் அக்கா.

சரி, கோபத்தில் எழுதுகிறேன் என்று சொல்வீர்கள். ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் கணக்கு கோபத்தில் மாறாது, பாருங்கள்.

மே 10 முதல் ஊரடங்கு. அப்போது மளிகை, காய்கறிக் கடைகள் பகல் 12 மணி வரை இருந்தன. கூட்டம் கூடுகிறது என்று 15ஆம் தேதியிலிருந்து காலை 6 முதல் 10 வரை என்று குறைத்தார்கள். ஆறு மணி நேரத்தில் வந்து போன அதே ஜனம் நாலு மணி நேரத்துக்குள் வர வேண்டும். கூட்டம் கூடுமா, குறையுமா? மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். அப்புறம் சனிக்கிழமை அறிவிப்பு வருகிறது. திங்கள் 24 முதல் ஒரு வாரத்துக்குத் தளர்வே இல்லாத முழு ஊரடங்கு, மளிகைக் கடையும் கிடையாது, அதனால் சனியும் ஞாயிறும் இரவு 9 மணி வரை எல்லாக் கடைகளும் திறந்திருக்கும், போய் வாங்கிக்கொள்ளுங்கள், என்று. சொன்னது அரசு. போனது ஜனம். ஒரு வாரத்துச் சாமானை ஒன்றரை நாளில் வாங்கச் சொல்லிவிட்டு, வாங்கப் போனவளைப் படம் எடுத்துத் திருந்தாத ஜென்மம் என்றால் எப்படி?

ஊரடங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை இன்னும் நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கும், அப்படியும் சிலர் காதில் விழாது. வெள்ளிக்கிழமை ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. நானும் செய்தி பார்க்கிறேன். பூட்ட வேண்டிய நேரத்தில் பூட்டத்தான் வேண்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. இன்னும் கடுமையாக்குங்கள் என்று சொல்கிறவர், அது யார் வீட்டுச் செலவில் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அத்தான் போய் ஒன்பது வருஷம். அக்கா வீட்டில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறாள். ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்தைந்து பாக்கெட். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கட்டி, ஆறு மணிக்குள் சுற்றுவட்டத் தெருக்களில் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். நேற்று வரைக்கும் வீட்டில் இருந்த உளுந்து மூன்று கிலோ. திங்கட்கிழமையிலிருந்து தோட்டக்கலைத் துறை வண்டியில் காய்கறி, பழம் தெருவுக்கே வரும் என்கிறார்கள், நல்ல ஏற்பாடு, பாராட்டுகிறேன். அந்த வண்டியில் உளுந்து வருமா?

அதனால் பத்துக் கிலோ உளுந்து வாங்கப் போனாள். ஒயர் கூடையில் பிடிக்காது என்று பழைய சிமெண்ட் சாக்கைத் தைத்த பை ஒன்றையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்தப் பையும் தெரியும்.

‘மாஸ்க்கை ஏன் இறக்கினார்?’ இதை இதற்குள் ஏழெட்டுப் பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். இறக்கியது தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். அவளுக்கு வீசிங் உண்டு, இரண்டு மாஸ்க் போட்டிருந்தாள், முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றாள், இரைச்சலில் கடைக்காரருக்கு முழு உளுந்தா உடைத்த உளுந்தா என்பது காதில் விழவில்லை, இறக்கிவிட்டுச் சொன்னாள். அத்தனையும் காரணம்தான், ஆனாலும் தப்பு தப்புதான். ஒரு கேள்வி கேட்கலாமா? அதே படத்தில், அவளுக்கு வலது பக்கத்தில் மூன்று ஆண்கள் நிற்கிறார்கள். ஒருவர் கழுத்தில் துண்டு, ஒருவர் கையில் மாஸ்க், மூன்றாமவர் முகத்தில் ஒன்றுமே இல்லை, வாயில் வெற்றிலை. அவர்களுக்கு ஏன் வட்டம் இல்லை? சிவப்பு மை தீர்ந்துவிட்டதா?

‘ஒரு வாரத்துக்கு முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கலாமே.’ வைத்திருக்கலாம். கையில் மொத்தமாகப் பணம் இருந்திருந்தால், வாங்கியதை வைக்க ஃபிரிட்ஜ் இருந்திருந்தால். அன்றன்றைக்கு விற்ற காசில் அன்றன்றைக்கு வாங்குகிற வீடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் இவ்வளவு பேர் நம் ஊரில் இருப்பது எனக்கு உண்மையிலேயே இன்றுதான் தெரியும். எல்லாரும் எப்போது பணக்காரர்கள் ஆனோம்?

‘தேவையில்லாமல் ஊர் சுற்றுகிறவர்களைச் சொன்னோம்.’ தேவனாம்பட்டினம் பீச் ரோட்டில் மூன்று பேராய் பைக்கில் பறக்கிற பையன்களையா? அவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. தாராளமாய் வண்டியைப் பிடுங்கட்டும். படத்தில் அவர்கள் இல்லையே.

‘டாக்டர்களும் நர்ஸ்களும் படுகிற பாடு உனக்குத் தெரியுமா?’ தெரியும் ஐயா. எங்கள் மாடியில் குடியிருப்பவர் நர்ஸ். டூட்டி முடிந்து வந்தால் மூக்குத் தண்டில் கன்றிப்போன தடம் இருக்கும். குழந்தையைக் கிட்டே வர விடாமல் படிக்கட்டிலேயே நின்று பேசுவார். அந்தப் படத்துக்குக் கீழே அவர் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுத நேரம் இருந்திருக்காது. நேரம் இருந்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம், ‘உன் ஜெராக்ஸ் கடை மூடிக் கிடக்கிறது, அதான் வயிற்றெரிச்சல்.’ இதைச் சொன்னவர் நண்பர் என்பதால் பதில் சொல்கிறேன். மூடித்தான் கிடக்கிறது, 10ஆம் தேதியிலிருந்து. மஞ்சக்குப்பத்தில் ஆபீஸ்களை நம்பிக் கடை வைத்தவனுக்கு ஆபீஸ் இல்லாவிட்டால் என்ன இருக்கிறது? போன வருஷமும் பூட்டினேன். அதற்காக ஒரு நாள் இங்கே அழுதேனா? கடை வாடகை எவ்வளவு என்று யாரிடமாவது சொன்னேனா? பூட்டச் சொன்னார்கள், பூட்டினேன். இனியும் சொன்னால் பூட்டுவேன். பூட்டுகிறவனிடம் வந்து, சம்பளம் ஒன்றாம் தேதி தவறாமல் அக்கவுண்டில் விழுகிறவர்கள் தியாகத்தைப் பற்றிப் பாடம் எடுக்காமல் இருந்தால் போதும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. அது கொடுப்பினை. கொடுப்பினையை ஒழுக்கம் என்று நினைத்துக்கொள்வதைத்தான் சொல்கிறேன்.

இதே ஊரில் 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தது. எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று நினைவிருக்கிறதா? பாலுக்கும் மெழுகுவர்த்திக்கும் இதே தெருவில் முட்டி மோதிக்கொண்டுதான் நின்றோம். அப்போது நமக்குப் பெயர் ‘பாதிக்கப்பட்ட மக்கள்’. அதே ஜனம், அதே தெரு, அதே நெரிசல். இப்போது ஜென்மங்களாகிவிட்டோம்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், எழுதிவிடுகிறேன். என் சின்ன மாமா கோயம்பேட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். போன வருஷம் மே தொடக்கத்தில், மார்க்கெட்டை மூடுவதற்கு முன்பே, காலி தக்காளிப் பெட்டி ஏற்றி வந்த லாரியில் ஊர் வந்து சேர்ந்தார். அந்த வாரம் நம் மாவட்டத்தில் ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் வந்ததே, அந்த நூற்றில் அவரும் ஒருவர். காய்ச்சல்கூட இல்லை. ஒரு கல்லூரிக் கட்டடத்தில் வைத்திருந்து, நெகட்டிவ் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்து பார்த்தால் தெரு முனையில் முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அதைக்கூட விடுங்கள், பயம், மன்னித்துவிடலாம். யாரோ ஒரு பட்டியலை வாட்ஸ்அப்பில் விட்டார்கள். பெயர், அப்பா பெயர், தெரு, செல் நம்பர், அத்தனையும். ‘கொரோனாவைக் கொண்டுவந்தவர்கள்’ என்று தலைப்பு. முன்பின் தெரியாதவர்கள் ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டு என்னென்ன கேட்டார்கள் என்பதை இங்கே எழுத முடியாது. மாமா சிம்மை உடைத்துப் போட்டார். இன்றைக்கும் தெருக்கோடி டீக்கடைக்குப் போவதில்லை. அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷர், வந்து கூப்பிட்டும் பார்த்தார். போகவில்லை.

அந்தப் பட்டியலை அனுப்பியவர்களும் ஊர் நல்லதுக்குத்தான் என்றார்கள். வட்டம் போட்டவரும் விழிப்புணர்வுக்குத்தான் என்கிறார். அரசு சட்டம் போடட்டும், போலீஸ் அபராதம் போடட்டும், இருநூறு ரூபாய் கட்டி ரசீது வாங்கிவிட்டுப் போவோம். ரசீதில் சிரிப்புப் பொம்மை இருக்காது. பெட் கொடுக்காதே என்று எழுதியிருக்காது.

வட்டம் போட்டவர் யார் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், என்னோடு படித்தவர்தான், இந்தப் பதிவை அவரும் படிப்பார். அவர் வீட்டுக்குத் தினம் இரண்டு பாக்கெட் மாவு போகிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். மாஸ்க் இறங்கி முகம் தெரிந்தும் அவருக்கு அடையாளம் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். மாவு கொடுக்கிறவள் முகத்தை யார் பார்க்கிறார்கள்.

மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போய், வேறு யாரோ காட்டுவதற்குள் நானே காட்டிவிடலாம் என்று போனை நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். கமெண்டுகளைப் படிக்க வந்த விரலை நான் தட்டிவிட்டேன். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

“ஏன்டா, போட்டோ புடிக்கிறாங்கன்னு தெரிஞ்சிருந்தா இந்தக் கிழிஞ்ச புடவையையா கட்டிக்கிட்டுப் போயிருப்பேன்” என்றாள்.

போனைக் கையில் கொடுத்துவிட்டு உளுந்து களையப் போய்விட்டாள்.