கடைசிப் புத்தகத்தைத் திட்டுவதற்கு முன்னால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவு முழுக்க ஸ்பாய்லர்தான். ஹாரி பாட்டர், ஹங்கர் கேம்ஸ், டைவர்ஜென்ட், ட்வைலைட், பிலிப் புல்மேனின் மூன்று நாவல்கள், நார்னியா என்று எல்லாவற்றின் முடிவையும் பேசப்போகிறேன். இதில் சிலது ஃபேன்டஸி, சிலது எதிர்காலக் கதை, ஆனால் படிக்கிற கூட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். பாதியில் இருப்பவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

இளையோருக்கான தொடர் எதுவானாலும் கடைசிப் புத்தகம் வந்த இரண்டே நாளில் ஒரே மாதிரிதான் நடக்கிறது. ஐந்து நட்சத்திரம் கொடுத்து ‘இரவெல்லாம் அழுதேன்’ என்று ஒரு கூட்டம், ஒரு நட்சத்திரம் கொடுத்து ‘இத்தனை வருடம் வீணாகிவிட்டது’ என்று இன்னொரு கூட்டம், நடுவில் ஆளே இருப்பதில்லை. இதைப் பார்த்துவிட்டு ‘சின்னப் பசங்க கதைக்கு இவ்வளவு அலப்பறையா’ என்று கேட்கும் பெரியவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் வந்தது 1997இல், ஏழாவது வந்தது 2007 ஜூலை 21இல். பதினொரு வயதில் ஹாரியோடு பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்குக் கதை முடியும்போது இருபத்தொன்று ஆகிவிட்டது. அமெரிக்காவில் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் 83 லட்சம் பிரதிகள் விற்றதாகப் பதிப்பகம் அறிவித்தது. அத்தனை பேர் ஒரே நாளில் ஒரே கதையின் முடிவைத் தேடி ஓடினார்கள் என்றால், அந்த முடிவு அவர்களுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும்?

ஒரு புத்தகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் அந்தப் பிள்ளைகள் சும்மாவும் இருக்கவில்லை. ஆசிரியர் ஸ்னேப் நல்லவரா கெட்டவரா என்று பக்க எண்ணோடு ஆதாரம் காட்டி வாதாடினார்கள், யார் யாரோடு சேரவேண்டும் என்று ‘ஷிப்’ பிரித்துக்கொண்டார்கள், ஃபேன்ஃபிக்‌ஷன் என்று அதே பாத்திரங்களை வைத்துச் சொந்தக் கதைகள் எழுதித் தள்ளினார்கள். அதனால் கடைசிப் புத்தகம் கைக்கு வருவதற்குள் ஒவ்வொருவர் மனதிலும் இன்னொரு கடைசிப் புத்தகம் எழுதப்பட்டுத் தயாராக இருக்கும். அச்சில் வந்தது அதோடு மோதித்தான் ஆகவேண்டும்.

நான் சொல்லவருவது இதுதான். அந்த மோதலில் கிளம்பும் கோபத்தில் இரண்டு வகை உண்டு, வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ‘நான் நினைத்தது நடக்கவில்லை’ என்பது ஒன்று. ‘இந்தக் கதை தான் கொடுத்த வாக்கை மீறிவிட்டது’ என்பது இன்னொன்று. முதல் புத்தகத்திலேயே ஒரு தொடர் நமக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறது, இது எப்படிப்பட்ட உலகம், இங்கே எதற்கு என்ன விலை, யார் எதற்காக எதை விடுவார்கள் என்று. கடைசிப் புத்தகத்தை அந்த வாக்கை வைத்துத்தான் அளக்கவேண்டும், நம் ஆசையை வைத்து அளக்கக்கூடாது.

ஹங்கர் கேம்ஸின் மூன்றாம் புத்தகமான ‘மாக்கிங்ஜே’யை எடுத்துக்கொள்வோம், 2010 ஆகஸ்டில் வந்தது, இன்றுவரை நான் அதிகமாகச் சண்டை போட்டது இதற்காகத்தான். குழந்தைகளை ஒருவரையொருவர் கொல்லவைக்கும் ஹங்கர் கேம்ஸ் விளையாட்டுக்கான குலுக்கலில் தங்கை ப்ரிம்மின் பெயர் வந்ததும் அவளுக்குப் பதிலாகக் காட்னிஸ் முன்வருகிறாள், மொத்தக் கதையும் அந்த ஒரு நிமிடத்திலிருந்துதான் கிளம்புகிறது. மூன்றாம் புத்தகத்தின் முடிவில் அதே ப்ரிம், காயம்பட்ட குழந்தைகளுக்கு உதவப்போன இடத்தில் குண்டு வெடித்துச் செத்துப்போகிறாள். ‘அப்போ இவ்வளவும் எதுக்கு?’ என்று கேட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தவர்கள் ஏராளம். அந்த வலி எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தச் சாவு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதல் புத்தகத்தின் விளையாட்டுக் களத்தில் பரிசுப் பொருளோடு இறங்கிய அதே சின்னப் பாராசூட்கள், இங்கே குழந்தைகள் நடுவில் குண்டுகளாக இறங்குகின்றன. முதல் வெடிப்பில் காயம்பட்டவர்களைக் காப்பாற்ற ஓடி வருபவர்களைக் கொல்லவே இரண்டாவது வெடிப்பு. அப்படி ஒரு பொறியை வரைந்து பார்த்தவர்களில் ஒருவன் காட்னிஸின் உயிர் நண்பன் கேல். அதற்கப்புறம், ஜெயித்த புரட்சித் தலைவி காயின், தோற்றவர்களின் குழந்தைகளை வைத்து இன்னொரு முறை ஹங்கர் கேம்ஸ் நடத்தலாமா என்று வாக்கெடுப்பு வைக்கிறாள். காட்னிஸ் அம்பைப் பழைய ஆட்சியின் தலைவர் ஸ்னோவை விட்டுவிட்டுக் காயின் மேல் விடுவது அதனால்தான். குழந்தைகளைச் சாகக்கொடுத்து அதிகாரத்தைத் தக்கவைக்கும் உலகம் இது என்று முதல் பக்கங்களிலேயே சொன்ன கதை, எதிர்ப்பக்கம் ஜெயித்தாலும் அது தானாக மாறிவிடாது என்று கடைசியில் காட்டுகிறது. ப்ரிம் உயிரோடு இருந்து எல்லோரும் கைகோத்து நின்றிருந்தால் நான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், ஆனால் அது வேறு ஒரு தொடரின் முடிவு.

அதற்காக மாக்கிங்ஜேயில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. முக்கியமான சம்பவங்கள் நடக்கும்போது காட்னிஸ் அடிக்கடி மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறாள், நடந்ததை யாராவது வந்து சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. ப்ரிம் இறந்த பிறகு எல்லாமே ஓட்டமாக ஓடி முடிகிறது. கேல் வேறு மாவட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று போகிற போக்கில் ஒரு தகவல் வருகிறது, அவ்வளவுதான். இந்தப் புகார்கள் சரியானவை. ‘ப்ரிம்மைக் கொன்றது அநியாயம்’ என்பதைவிட இவற்றுக்குத்தான் நியாயம் அதிகம், ஆனால் சத்தமாகக் கேட்டது முன்னதுதான்.

டைவர்ஜென்ட் தொடரின் மூன்றாம் புத்தகமான ‘அலீஜியன்ட்’ 2013 அக்டோபரில் வந்தபோது கதாநாயகியே இறந்துபோகிறாள் என்பதால் கோபம் இன்னும் பெரிதாக வெடித்தது. அண்ணன் கேலப் போகவேண்டிய இடத்துக்கு ட்ரிஸ் தானே போய், மரண சீரத்தையும் தாண்டிப் பிழைத்து, கடைசியில் துப்பாக்கிக் குண்டில் சாகிறாள். ஆசிரியர் வெரோனிகா ராத் தன் வலைப்பதிவில் இந்த முடிவை ஏன் எழுதினேன் என்று விளக்கவேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால் அந்தச் சாவு அந்தக் கதைக்குப் பொருத்தமானதுதான். சுயநலமின்மையே வாழ்க்கை என்று வாழும் பிரிவில் பிறந்தவள், முதல் புத்தகத்திலேயே அம்மாவும் அப்பாவும் அவளுக்காக உயிரைக் கொடுக்கிறார்கள், தியாகம் என்றால் என்ன, வெறுமனே சாகத் துடிப்பது என்றால் என்ன என்று மூன்று புத்தகமும் அவள் யோசித்துக்கொண்டே இருக்கிறாள். அலீஜியன்ட் சறுக்கியது வேறு இடத்தில். முதல் இரண்டு புத்தகங்களும் ட்ரிஸின் குரலில் மட்டுமே போக, மூன்றாவதில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ட்ரிஸும் அவள் காதலன் டோபையஸும் மாறி மாறிப் பேசுகிறார்கள், ஆனால் இரண்டு குரலும் ஒன்றுபோலவே இருக்கின்றன, நடுவில் நிறுத்தித் திரும்ப எடுத்தால் யார் பேசுவது என்று அத்தியாயத் தலைப்பைத்தான் பார்க்கவேண்டும். ஊருக்கு வெளியே போனதும் மரபணு, பரிசோதனை என்று பக்கம் பக்கமாக விளக்கம் வேறு. அதைப் படித்துக் களைத்துப்போன வாசகர், அவளுடைய சாவைத் தாங்கிக்கொள்ளும் தெம்போடு அந்த இடத்துக்கு வந்து சேர்வதில்லை. திரைப்படத் தொடரோ இந்த முடிவுக்கு வரவே இல்லை, 2016இல் வந்த மூன்றாம் படத்தோடு நின்றுவிட்டது.

இப்போது எதிர்ப்பக்கம். ட்வைலைட் தொடரின் நான்காம் புத்தகமான ‘பிரேக்கிங் டான்’, 2008 ஆகஸ்ட் 2. முக்கியமான யாருமே சாகவில்லை, கதாநாயகி பெல்லாவுக்குக் கேட்டதெல்லாம் கிடைக்கிறது, ஆனாலும் வாங்கிய புத்தகத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுப்போம் என்று வாசகர்களே ஒருவரையொருவர் தூண்டிவிடும் அளவுக்குக் கோபம். ஏன்? மனித வாழ்க்கையை விட்டால்தான் அழியாத வாழ்க்கை, குடும்பத்தை இழந்தால்தான் வேம்பயர் காதலன் எட்வர்ட் என்று மூன்று புத்தகம் நம்மை நம்பவைத்த கதை, நான்காவதில் எந்த விலையையும் வாங்காமலேயே எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறது. வேம்பயர்களை ஆளும் வோல்டூரி கூட்டம் பனியில் வந்து அணிவகுத்து நிற்கிறது, நூற்றுக்கணக்கான பக்கங்கள் அதற்குத் தயாரிப்பு, கடைசியில் பேசிவிட்டுக் கலைந்து போகிறார்கள். பெல்லாவைக் காதலித்த ஜேக்கப், அவளுடைய கைக்குழந்தையோடு வாழ்நாளுக்கும் பிணைக்கப்படுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை, அந்த அருவருப்பு நியாயமானது. 2012இல் வந்த படத்தில் அந்த நடக்காத சண்டையை எதிர்காலத்தைப் பார்க்கக்கூடிய ஆலிஸ் காட்டும் காட்சியாகப் படமாக்கினார்கள். வாசகர்கள் எதைத் தேடி ஏமாந்தார்கள் என்று படம் எடுத்தவர்களுக்குப் புரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். மகிழ்ச்சியான முடிவுகூட வாக்கு மீறலாக இருக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

சரி, சோகமாக முடித்தால் வாசகர்கள் கோபப்படத்தான் செய்வார்கள் என்பவர்கள் புல்மேனின் ‘த ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ வாசகர்களைப் பார்க்கவேண்டும். 2000இல் வந்த நூல். வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்த லைரா என்ற சிறுமியும் வில் என்ற சிறுவனும் ஒருவரையொருவர் கண்டுகொண்ட சில நாட்களிலேயே என்றென்றைக்குமாகப் பிரியவேண்டும், ஏனென்றால் உலகங்களுக்கு இடையிலான ஜன்னல்களை மூடியாகவேண்டும், வேறு உலகத்தில் ஒருவர் வெகுகாலம் உயிரோடு இருக்கவும் முடியாது. அந்த விதியை ஆசிரியர் கடைசி நிமிடத்தில் இட்டுக்கட்டவில்லை, அதற்கான காரணங்களை முன்பிருந்தே கதைக்குள் வைத்திருக்கிறார். வருடத்தில் ஒரே ஒரு நாள், நடுக்கோடை நாளின் மதியத்தில், ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் பூங்காவின் ஒரு பெஞ்சில், ஆளுக்கொரு உலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம் என்று அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பூங்கா நிஜமானது, அந்த பெஞ்சும் இருக்கிறது, வாசகர்கள் தேடிப்போய் அதில் இரண்டு பேரின் பெயரையும் செதுக்கியிருக்கிறார்கள். அழுத வாசகர்கள்தான் அவர்களும். ஆனால் ஏமாற்றிவிட்டார்கள் என்ற எண்ணம் அந்த அழுகையில் இல்லை.

எபிலாக், அதாவது கதை முடிந்த பிறகு வரும் பின்கதை, அந்த விஷயத்துக்கு வருகிறேன். ஹாரி பாட்டரின் பத்தொன்பது வருடம் கழித்து வரும் அந்த ரயில் நிலையக் காட்சிக்குக் கிடைத்த திட்டு கொஞ்சநஞ்சமல்ல. கடைசி அத்தியாயத்தைத் தொடரின் ஆரம்ப காலத்திலேயே எழுதி வைத்துவிட்டதாக ஆசிரியர் ரௌலிங் சொல்லியிருக்கிறார், பிறகு திருத்தியும் இருக்கிறார். எனக்கு அதில் அந்தப் பழைய வாசனை தெரிகிறது. ஃப்ரெட், லூபின், டாங்க்ஸ் எல்லோரும் செத்துக்கிடக்கும் கூடத்திலிருந்து நேராகக் குழந்தைகளை வழியனுப்பும் காலைக்குத் தாவும்போது, நடுவில் இருந்த துக்கத்துக்கு ஒரு பக்கம்கூட இல்லை. ‘கல்யாணம், குழந்தை என்று எதற்கு முடித்தீர்கள்’ என்று நான் கேட்கமாட்டேன், தன்னோடு இரட்டையாகப் பிறந்த ஃப்ரெட் இல்லாமல் ஜார்ஜ் அந்த வருடங்களை எப்படிக் கடந்தான் என்பதைத்தான் கேட்கிறேன். அதே சமயம், அப்புறம் என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குவதையும் ஏற்கமாட்டேன். ‘பொன்னியின் செல்வன்’ முடிந்தபோது வாசகர்கள் இதையேதான் கேட்டார்கள். அவர் என்ன ஆனார், இவருக்குத் திருமணம் ஆயிற்றா என்று வந்த கேள்விகளை எடுத்துவைத்து, முடிவுரையில் கல்கி பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறார். வாசகரின் கேள்வியை மதித்த எழுத்து அது.

நார்னியாவின் கடைசிப் புத்தகம் 1956இல் வந்தது. மற்றவர்களெல்லாம் நார்னியாவுக்குத் திரும்ப, முன்பு அவர்களோடு அங்கே போய்வந்த சூசன் மட்டும் வெளியே நிற்கிறாள், அவளுக்கு இப்போது லிப்ஸ்டிக்கிலும் விருந்து அழைப்புகளிலும்தான் ஆர்வம் என்று சில வரிகளில் கதை அவளை முடித்துவிடுகிறது. இதைப் பற்றிக் கேட்ட ஒரு சிறுவனுக்கு, அவள் திருந்தி வர இன்னும் காலம் இருக்கிறது என்ற பொருளில் ஆசிரியர் லூயிஸ் 1957இல் கடிதம் எழுதினார். இன்றைக்கும் இளம் பெண்கள் அந்த இடத்தில் வந்து நின்று ‘இது நியாயமே இல்லை’ என்கிறார்கள். எனக்கும் நியாயமாகப் படவில்லை. குடும்பம் மொத்தத்தையும் ஒரே விபத்தில் பறிகொடுத்த ஒரு பெண்ணை, அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கதை விட்டுவிட்டுப் போகிறது.

புத்தகம் கைக்கு வரும் முன்பே கசிந்த பக்கங்களைப் பார்த்து ஒரு நட்சத்திரம் போடுவதும், எழுத்தாளருக்கு மிரட்டல் அனுப்புவதும் வாசிப்பில் சேராது, அதை எந்தக் காரணத்தைச் சொல்லியும் நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் பதினாறு வயதில் ஒருத்தி ‘இவள் இப்படிச் செய்திருக்கவே மாட்டாள்’ என்று மூன்றாம் புத்தகத்தின் ஒரு பக்கத்தையும் முதல் புத்தகத்தின் ஒரு பக்கத்தையும் எடுத்துவைத்து எழுதினால், அது முழு விமர்சனம். அப்படிப்பட்ட பதிவுகளைப் பகிருங்கள், பதில் எழுதுங்கள், வயதைச் சொல்லி வாயை அடைக்காதீர்கள்.

கேல் விஷயத்தில் என்னோடு ஒத்துப்போகாதவர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அந்தக் குண்டு அவனுடையதுதானா என்பதைக் கதை கடைசிவரை உறுதியாகச் சொல்லவில்லை என்பதும் தெரியும். அவன் பக்கம் பேசுகிறவர்கள் கமென்ட்டில் வாருங்கள், வரும்போது பக்கத்தைக் காட்டிப் பேசுங்கள்.