ஏடிஎம் எப்போது ஹால்ட் ஆகும்?

போன வாரம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, “சார், ஏடிஎம் மெஷின் எப்போ ஹால்ட் ஆகும்?” என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. பையன் என் பாடத்தின் அடிமடியிலேயே கைவைத்திருக்கிறான்.

நான் டிஓசி (தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கணிப்பின் கோட்பாடு) எடுப்பவன். டேப்பில் இன்புட்டை எழுதிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவோம். டூரிங் மெஷின், அதாவது கணிப்பு என்றால் என்ன என்று காட்ட ஆலன் டூரிங் தாளில் கற்பனை செய்த மெஷின், உள்ளே தனியாக ஓடும். நின்றால், அதாவது ஹால்ட் ஆனால், விடை. நிற்காவிட்டால் லூப், தோல்வி. பரீட்சை ஹால் போலத்தான்: கேள்வித்தாள் கொடுத்த பிறகு யாரும் பேசக்கூடாது. ஆனால் ஏடிஎம், லிஃப்ட், ரயில் சிக்னல் இதெல்லாம் நின்றால்தான் தோல்வி. இன்புட்டும் மொத்தமாக முன்பே வந்துவிடாது. திரையில் என்ன வருகிறது என்று பார்த்துத்தான் ஆள் அடுத்த பட்டனை அமுக்குவார்.

டூரிங்குக்கு இது தெரியாமல் இல்லை. 1936 கட்டுரையிலேயே இரண்டு வகை மெஷின் சொல்கிறார். ஒன்று தானாக ஓடுவது. இன்னொன்று சில இடங்களில் நின்று, வெளியே இருப்பவர் ஒன்றைத் தேர்ந்து சொன்னால்தான் மேலே போவது. சொல்லிவிட்டு, இந்தக் கட்டுரையில் முதல் வகையை மட்டும் பார்க்கிறேன் என்று நகர்ந்துவிடுகிறார். அவர் எடுத்துக்கொண்ட கணக்குக்கு அது போதும். நாம்தான் அந்த இரண்டாவது வகையை சிலபஸில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த இடத்திலிருந்து தொடங்கியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ராபின் மில்னர். ஒன்றோடொன்று பேசும் நிரல்களுக்காக அவர் 1980இல் ஒரு இயற்கணிதமே எழுதினார். அந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் டீ மெஷின் கதை ஒன்று உண்டு. முதல் மெஷினில் காசு போட்டால் டீ, காபி இரண்டு பட்டனும் வேலை செய்யும். இரண்டாவது மெஷின், காசு விழுந்த நொடியிலேயே தானாக ஒரு முடிவு எடுத்துவிடும். இந்தத் தடவை டீ பட்டன் மட்டும், அடுத்த தடவை காபி பட்டன் மட்டும். நடக்கக்கூடியவற்றைப் பட்டியல் போடுங்கள்: காசு-டீ, காசு-காபி. இரண்டுக்கும் ஒரே பட்டியல்தான். நம் ஆட்டோமேட்டா (நிலைக்கு நிலை தாவும் மெஷின்கள்) பாடப்படி இரண்டும் சமம். ஒரே அடிக்குப் பல வழி பிரியும் மெஷினை ஒரே வழி மெஷினாக்கும் சப்செட் கன்ஸ்ட்ரக்ஷன் போட்டால் இரண்டாவது மெஷின் அப்படியே முதலாவதாக மாறிவிடும், முழு மார்க்கும் கிடைக்கும். டீ வேண்டும் என்று காசு போட்டவனிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்!

வித்தியாசம் முடிவை யார் எடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. முதலாவதில் நாம், இரண்டாவதில் மெஷின். இதைப் பிடிக்க, டேவிட் பார்க் 1981இல் தெளிவாக்கிய பைசிமுலேஷன் என்ற கருத்து உதவுகிறது. ஒரு மெஷின் ஒரு அடி வைத்தால் மற்றதும் அதே அடியை வைக்க வேண்டும், வைத்த பிறகும் இப்படியே தொடர முடிய வேண்டும். எந்தப் பக்கம் முதலில் ஆடினாலும் சரி. இரண்டாவது மெஷின் காசை வாங்கி ‘காபி மட்டும்’ நிலைக்குப் போனதும், முதலாவது ‘டீ’ என்று அடி வைக்கும். இரண்டாவதால் பதில் சொல்ல முடியாது. ஆட்டம் முடிந்தது.

சரி, இது டீயோடு போகிற விஷயமா? நீடமும் ஷ்ரோடரும் 1978இல், வலையில் இருவர் ஒருவரையொருவர் அடையாளம் உறுதிசெய்துகொள்ள ஒரு நெறிமுறை வெளியிட்டார்கள். பொதுச்சாவி முறையில் (பூட்டும் சாவி எல்லோரிடமும், திறக்கும் சாவி உரியவரிடம் மட்டும்) அமைந்த அவர்களுடைய நெறிமுறையில் ஓட்டை இருப்பதை கேவின் லோ 1995இல் காட்டினார், 17 வருடம் கழித்து. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு செய்தியிலும் தப்பில்லை. ஆனால் நீங்கள் ஒரு திருடனோடு நேர்மையாகவே உரையாடல் தொடங்கினால், அவன் அதை வைத்துக்கொண்டு வேறொருவரிடம் ‘நீங்களாக’ நடிக்கலாம். அடுத்த வருடம் ஒன்றோடொன்று பேசும் நிரல்களை விவரிக்க டோனி ஹோர் உருவாக்கிய சிஎஸ்பி மொழியில் திருடனையும் ஒரு நிரலாக எழுதி உள்ளே விட்டார் லோ. சோதிக்கும் கருவியே திருட்டு வழியைக் காட்டிக்கொடுத்தது. திருத்தம் சின்னதுதான்: இரண்டாவது செய்தியில் பதில் சொல்பவர் தன் பெயரையும் சேர்க்க வேண்டும்.

இதை வைத்து ‘டூரிங் மெஷின் செத்தது’ என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அல்காரிதத்தைவிட ஊடாட்டம் (வெளியே இருப்பவரோடு பேசிக்கொண்டே ஓடுவது) வலிமையானது என்று பீட்டர் வெக்னர் 1997இல் எழுதியது பெரிய சண்டையைக் கிளப்பியது. வெளியே இருப்பவர் கணிக்க முடியாத விடையைத் தந்தால் மெஷினும் அதைத் தரும்தான். அதில் மெஷினின் பெருமை என்ன இருக்கிறது? ஆரக்கிள் என்ற பெயரில் டூரிங்கே அதை 1939இல் அச்சேற்றிவிட்டார். என் கட்சி, வலிமை கூடவில்லை, கேள்விதான் மாறியிருக்கிறது என்பது. ‘விடை என்ன’ என்பதற்குப் பதில், ‘கெட்டது நடக்காமல் இருக்குமா, நல்லது என்றைக்காவது நடக்குமா’ என்று கேட்கிறோம். இதை எழுத, ‘எப்போதும்’, ‘என்றைக்காவது’ என்பவற்றைக் கையாளும் காலத் தர்க்கத்தை நிரல்களுக்குக் கொண்டுவந்தவர் அமிர் ப்னூலி, 1977இல்.

நேற்று சிலபஸை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு டீ மெஷினையும் போர்டில் வரைந்தேன். அதே பையன் மூன்றாவதாக ஒன்று வரையச் சொன்னான்: காசை வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிற மெஷின். தப்பான பானத்தை அது ஒருநாளும் கொடுக்காது, அதனால் முதல் கேள்வியில் பாஸ்தானே என்றான். பாஸ்தான் என்றேன். “எங்க ஹாஸ்டல்ல இருக்கிறது அதுதான் சார்” என்றான்.