ஆயுஷ்மான் அட்டை எங்களுக்குக் கிடைக்குமா?

"இந்தியாவின் ஆயுஷ்மான் அட்டை எடுத்தால் சென்னையில் எந்த வைத்தியமும் 5 லட்சம் வரை இலவசம், இலங்கைக் கடவுச்சீட்டுப் பிரதி போதும்" என்றொரு தகவல் யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது பொய்.

5 லட்சம் என்ற தொகை மட்டும் சரி. 2018 செப்டெம்பரில் இந்திய அரசு தொடங்கிய இந்த மருத்துவக் காப்புறுதித் திட்டத்தில் அது ஒரு குடும்பத்துக்கு ஓராண்டுக்கான உச்ச வரம்பு, இந்திய ரூபாயில். வறிய இந்தியக் குடும்பங்களுக்காக வந்தது. 2024இல் 70 வயது நிரம்பியவர்களை வருமானம் பாராமல் சேர்த்தார்கள். ஆளைச் சரிபார்ப்பது இந்திய அடையாள எண்ணான ஆதாரைக் கொண்டு. இலங்கைக் கடவுச்சீட்டு அங்கே செல்லாது.

இந்தியர்களே பிழையாக விளங்கிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. வாட்டில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குத்தான் காசு. அதற்கு முந்தைய 3 நாளும், வீடு திரும்பிய பின் 15 நாளும் மருந்தும் பரிசோதனையும் அதில் அடங்கும். டொக்டரைப் பார்த்து மருந்துத் துண்டோடு திரும்பினால் ஒன்றும் கிடைக்காது. மாதாமாதம் போடும் பிரஷர் குளிசைக்கும் அப்படித்தான்.

சென்னைக்குப் போகிறவர்கள் மருத்துவ விசா எடுங்கள். டயக்னோசிஸ் காட்டையும் (ஆஸ்பத்திரி தரும் நோய் விவர அட்டை) ஸ்கான் படங்களையும் முன்கூட்டியே அனுப்பி, செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட் போன்றவற்றின் விலை அதில் சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அட்டை பதிந்து தருவதாகச் சொல்பவருக்குக் கடவுச்சீட்டுப் பிரதியோ காசோ அனுப்பவேண்டாம்.