முப்பது வருட மௌனம் இல்லை

1977-இல் மேற்கு ஜெர்மனியில் செம்படைப் பிரிவு (RAF) என்ற இடதுசாரித் தீவிரவாதக் குழு நடத்திய கடத்தல், கொலைகள் பற்றி ஜெர்மன் இயக்குநர்கள் முப்பது வருடம் படமே எடுக்கவில்லை, 2008-இல்தான் தொடங்கினார்கள் என்று ஒரு பதிவு சொல்கிறது. அது சரியல்ல. ஃபாஸ்பிண்டர், குளூகே, ஷ்லோண்டார்ஃப் முதலிய பலர் சேர்ந்து எடுத்த ‘இலையுதிர்காலத்தில் ஜெர்மனி’ 1978 பெர்லின் திரைப்பட விழாவிலேயே திரையிடப்பட்டது. அந்தக் குழு கடத்திய தொழிலதிபர் ஷ்லேயர் கொல்லப்பட்டு அப்போது அரை வருடம்கூட ஆகவில்லை. அதில் ஃபாஸ்பிண்டர் தன் அம்மாவோடு ஜனநாயகம் பற்றி மல்லுக்கு நிற்பார். அம்மாவின் பதில் தூக்கிவாரிப்போடும்!

சரிபார்ப்பது சுலபம். விழாவின் இணையதளத்தில் 1978-ஆம் ஆண்டுப் பட்டியலைத் திறந்தால் படத்தின் பெயர் இருக்கும். படம் கையில் கிடைத்தால் இன்னும் நல்லது: ஷ்லேயரின் இறுதிச் சடங்கை அங்கேயே போய்ப் படம்பிடித்திருக்கிறார்கள்.